குரங்கணித் தீ... அந்த முதல் எட்டு மணி நேரம்!

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மாந்தோப்பு, இலவந்தோப்பு எல்லாம் தாண்டிப் போனால், ரோடு முடிகிற இடத்தில் மலை ஆரம்பிக்கிறது. அதுதான் குரங்கணி. அண்ணாந்து பார்த்தால் ஒரு பக்கம் கொழுக்குமலை, இன்னொரு பக்கம் டாப் ஸ்டேஷன். அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்ததாம். டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த மூணாறு ரயில் பாதையை 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆக, பேரழிவு என்பது இந்த மலைக்குப் புதுசு இல்லை.

ஆனாலும் குரங்கணி என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமைதான். முந்தின நாள் மலையேறி, கொழுக்குமலையில் தங்கிவிட்டு, சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த சுமார் நாற்பது பேர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். பெரும்பாலும் இருபது, முப்பது வயசுக்காரர்கள். பிற்பகலில் காய்ந்த புல்லில் தீ. ஓடினார்கள், சிதறினார்கள், பள்ளத்தில் விழுந்தார்கள். முதலில் ஒன்பது பேர் என்று செய்தி வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒவ்வொரு பெயராக வந்து, கடைசியில் எண்ணிக்கை 23 ஆனது.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பது பேர் மலையிலேயே. மீதிப் பேர் மலையை விட்டு உயிரோடு வந்தவர்கள்! பேசினார்கள், வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். அப்படியிருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு பக்கம் தீப்புண் வைத்தியத்துக்கும், இன்னொரு பக்கம் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கும் போய்ச் சேருகிறோம்.

<b>இயற்கைச் சீற்றமா? யார் சொன்னது?</b>

பென் விஸ்னர் என்று ஒரு அமெரிக்க புவியியல் அறிஞர். 1976-ல் அவரும், ஃபில் ஓ'கீஃப், கென் வெஸ்ட்கேட் என்ற இரண்டு பேரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். 'இயற்கைப் பேரழிவு' என்கிற வார்த்தையில் உள்ள 'இயற்கை'யை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதே வருஷம் பிப்ரவரியில் கவுதமாலா நாட்டில் பூகம்பம் வந்து சுமார் 23 ஆயிரம் பேர் இறந்திருந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் பச்சை மண்கல் வீடுகளிலும், சரிவிலே குடிசை போட்டும் இருந்த ஏழைகள். பூமி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது. வீடு ஒரே மாதிரி இல்லையே!

பிறகு 1994-ல் விஸ்னரும் வேறு மூன்று அறிஞர்களும் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார்கள். இந்த வழியில் யோசிப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பயப்படாதீர்கள், பெருக்கல் கணக்குதான். ஆபத்து ஒரு எண், நலிவு ஒரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவது பேரிடர் அபாயம். தீ, வெள்ளம், மண்சரிவு எல்லாம் ஆபத்து. நலிவு என்பது அதைத் தாங்க முடியாத நம் நிலைமை. ரோடு இல்லை, தகவல் சொல்ல ஆள் இல்லை, பாதை தெரியாது, கையில் காசு இல்லை, ஆஸ்பத்திரி தூரம்... இப்படி. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஆபத்தை நம்மால் குறைக்க முடியாமல் போகலாம். நலிவைப் பாதியாக்கினால் மொத்தமும் பாதியாகிவிடும்.

'நலிந்தவர்கள்' என்றதும் குடிசைவாசிகள் என்று மட்டும் நினைக்கிறோம். குரங்கணியில் அன்றைக்கு நலிந்தவர்கள் யார்? நல்ல வேலையில் இருந்த, திடகாத்திரமான பட்டணத்துப் பிள்ளைகள்! மார்ச் மாதத்துப் புல் எப்படி எரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டு முதலில் மேலே ஓடியவர்களோ உள்ளூர் ஜனங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். போர்வையில் தொட்டில் கட்டி இருட்டில் தூக்கி இறக்கியதும் அவர்கள்தான். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வேலை செய்ய மறுநாள் விடிய வேண்டியிருந்தது.

ஆனால் அதே உள்ளூர்க்காரருக்கு நெஞ்சு வலி வந்தாலோ, பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தாலோ கதை திரும்பிவிடும். மேலே இருக்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளிலிருந்து டோலி கட்டித்தான் கொண்டுவரணும். அப்போது நலிந்தவர் அவர். ஒரே மலை, ஆள்தான் மாறுகிறார். விஸ்னரின் எழுத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நலிவு என்பது யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது அது.

<b>தீ மேலே ஏறும்போது</b>

அடுப்பில் தீக்குச்சியைப் பற்ற வைத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று விரல் வரை வந்துவிடும். மலையிலும் அதேதான். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது அதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமாராக இரண்டு மடங்கு ஆகும் என்பது காட்டுத்தீ நிபுணர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் 20 டிகிரிக்கு நாலு மடங்கு, 30 டிகிரிக்கு எட்டு மடங்கு. மனுஷனோ மேட்டில் ஏற ஏற வேகம் குறைகிறவன். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். ஆகவே காட்டுத்தீயைப் பார்த்ததும் மேலே ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, முடிந்தவரை கீழே இறங்க வேண்டும். குறுகலான ஓடைப் பள்ளத்தில் ஒளியவும் கூடாது. புகைபோக்கி மாதிரி அது அனலை இழுத்துக்கொள்ளும்.

பிறகு எங்கேதான் போவது? ஏற்கெனவே எரிந்து கருகின தரைக்கு! கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எரிந்த இடத்தில் எரிய இன்னொரு முறை எதுவும் இல்லையே. 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற செங்குத்தான புல்வெளிச் சரிவில் தீயணைப்பு வீரர்களைத் தீ துரத்தியது. அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். "இங்கே வாங்க" என்று கூப்பிட்டும் மற்றவர்களுக்குப் புரியவில்லை. 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் பிழைத்தார். நாமும் தீக்குச்சியைக் கிழிக்கணும் என்று சொல்ல வரவில்லை, வேண்டவே வேண்டாம். எரிந்த தரை, வெறும் பாறை, மண் ரோடு, அகலமான ஆற்றுப் படுகை இவையெல்லாம் அடைக்கலம் என்று தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்று, உடை. பாலியெஸ்டர், நைலான் துணிகள் அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மலைக்குப் போகிறவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை போடுங்கள். விளையாட்டு உடை கடையில் விற்பதெல்லாம் பளபளவென்று இருக்கும். தீக்கு அது ரொம்பப் பிடிக்கும்!

<b>ஒன்பது ஒன்பதாக ஒரு கணக்கு</b>

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். உயிரோடு வந்தவர்கள் ஏன் இறந்தார்கள்?

தோல் என்பது வெறும் போர்வை இல்லை. உடம்பில் உள்ள நீரை வெளியே விடாமல் கட்டி வைத்திருக்கிற பை. அது வெந்துபோனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு உடம்பில் 15, 20 சதவீதத்துக்கு மேல் வெந்தால், குழந்தைகளுக்கு 10 சதவீதமே வெந்தால்கூட, நீர் வற்றி ரத்த ஓட்டம் தடுமாறும். 'ஷாக்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

எத்தனை சதவீதம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? தலை, கழுத்து 9. ஒரு கை 9. ஒரு கால் 18. மார்பும் வயிறும் 18. முதுகுப் பக்கம் 18. மிச்சம் 1. இது பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்குத் தலை பெரிசு என்பதால் மாறும். சின்னப் புண்களுக்கு இன்னும் சுலபம்: விரல்களோடு சேர்த்து அடிபட்டவரின் உள்ளங்கை அளவு என்பது ஒரு சதவீதம்.

இப்போது இதைப் பாருங்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிற ஒரு சூத்திரம் இருக்கிறது. உடல் எடை கிலோவில், வெந்த சதவீதம், இரண்டையும் பெருக்கி, நாலால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 சதவீதம் தீப்புண் என்றால் எட்டு லிட்டர்! அதில் பாதியை, அதாவது நாலு லிட்டரை, முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. தீ பட்ட நிமிஷத்திலிருந்து.

பிற்பகலில் தீ பட்டது. இருட்டில் தேடிக் கண்டுபிடித்து, தொட்டில் கட்டித் தூக்கி, குரங்கணி வந்து, போடி வந்து, தேனி வந்து, மதுரை போவதற்குள்... அந்த எட்டு மணி நேரத்தின் பெரும் பகுதி மலையிலேயே கரைந்துவிட்டது. விஸ்னர் சொன்ன நலிவு இதுதான். தூரம் என்பதும் ஒரு வியாதி மாதிரி. பேராசிரியர்கள் எழுதுகிற பெரிய வார்த்தைகளெல்லாம் கடைசியில் ஒரு சலைன் பாட்டில் எப்போது ஏறியது என்பதில் வந்து நிற்கிறது.

நீர் வற்றுவதோடு முடியவில்லை. சூடான புகையை இழுத்தவர்களுக்கு மூச்சுக்குழாய் உள்ளேயே வீங்கும். குரல் கம்மிப்போவது, மூக்கு மயிர் கருகியிருப்பது, சளியில் கரி வருவது எல்லாம் அபாய அறிகுறிகள். "நல்லாத்தானே பேசுறாரு" என்று விட்டுவிடாதீர்கள். சில மணி நேரத்தில் மூச்சே அடைத்துப்போகலாம். இதையும் தாண்டியவர்களுக்கு அடுத்த வாரங்களில் கிருமித் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு. பாதுகாக்கத் தோல் இல்லாத உடம்பு, கதவு இல்லாத வீடு மாதிரி.

<b>"மாவைக் கொட்டுத்தா!"</b>

மலைக்குப் போகாதவர்களுக்கும் இது தேவை. நம் வீடுகளில் நடக்கிற கூத்தைப் பாருங்களேன்.

மருமகள் கையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்துவிடுகிறது. "ஏத்தா, இட்லி மாவை அள்ளிக் கொட்டுத்தா, குளிந்துரும்" என்கிறார் மாமியார். "இல்ல மதினி, பேனா மையை ஊத்தணும்" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. மாமனார் பல் விளக்குகிற பேஸ்ட்டோடு வருகிறார். அண்ணன்காரன் பிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுக்கிறான். எல்லோருக்கும் நல்ல மனசுதான். செய்வது எல்லாமே தப்பு!

குழாயைத் திறந்து விடுங்கள். சாதாரணத் தண்ணீர் வெந்த இடத்தில் ஓடட்டும், முழுசாக 20 நிமிஷம். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வெந்தது தோல் மட்டும் என்று நினைக்கிறோம். சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்துவது தண்ணீர்தான். மாவு, மை, பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். புண் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்ப்பதற்குள் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலி யாருக்கு? ஐஸ் வைத்தால் ரத்த ஓட்டம் சுருங்கிப் புண் இன்னும் ஆழமாகும்.

மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் மூடுங்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் தீப்புண்ணுக்குச் சுத்திகரித்த வாழை இலையையே கட்டாக வைத்துப் பார்த்து, வலி குறைவு என்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்காகத் தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே சுற்ற வேண்டாம்!

உடம்பில் நிறைய வெந்திருந்தால் 20 நிமிஷம் குளிர்விக்கிறேன் என்று ஆளையே நனைத்து நடுங்க வைத்துவிடக்கூடாது, குறிப்பாகக் குழந்தைகளை. வெந்த இடத்தை மட்டும் குளிர்வித்து, மற்ற உடம்பைப் போர்வையால் மூடுங்கள். ஆஸ்பத்திரி போய்ச்சேர பல மணி நேரம் ஆகும், ஆள் நினைவோடு இருக்கிறார், வாந்தி இல்லை என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வரலாம். மலை நடைக்குப் போகிறவர்கள் பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். எடையே இல்லாத சாமான் அது.

<b>மலைக்கு அந்தப் பக்கம்</b>

குரங்கணியின் உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் மூணாறு. அங்கே ஆபத்து தீ இல்லை, மண். 2020 ஆகஸ்ட் 6, இரவு. பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 உயிர்கள். பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வேலைக்குப் போனவர்கள். மழையால் கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை, விஷயம் வெளியே தெரிய விடிந்துவிட்டது. இங்கேயும் அதே மணிக்கணக்கு!

அதே மூணாறில் ஒரு நல்ல விஷயமும் நடந்திருக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் பேராசிரியை மனீஷா சுதீர் தலைமையிலான குழு, மூணாறு அந்தோணியார் காலனியில் 2005-ல் சரிவு கண்ட சரிவிலேயே ஒரு ஏற்பாடு செய்தது. பூமிக்குள் ஆழத் துளை போட்டு, மண்ணில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது, மண் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் கருவிகளை இறக்கினார்கள். மழை மானியும் உண்டு. கருவிகள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி, கொல்லம் பக்கத்தில் உள்ள அவர்கள் வளாகத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும். 2009 ஜூலை மழையில் அந்த மக்களுக்கு உண்மையான எச்சரிக்கையே கொடுத்தது அது.

மண் ஏன் சரிகிறது? மணலில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் உருண்டை பிடிக்கலாம். நிறைய விட்டால் குழம்பாக ஓடிவிடும். அவ்வளவுதான் விஞ்ஞானம். மண் துகள்களுக்கு நடுவே தண்ணீரின் அழுத்தம் கூடக் கூட, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அழுத்தத்தைத்தான் கருவி அளக்கிறது.

ஆனால் எல்லாச் சரிவிலும் கருவி புதைக்க முடியாது. அதனால் அந்தக் குழு, சரிவைப் பார்த்தவர்கள் தாங்களே செல்போனில் பதிவு செய்யும் செயலி ஒன்றையும் கொண்டுவந்தது. வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு ஊருக்கு ஊர் மழைமானி வைத்துத் தினமும் அளவு எடுக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை புதைந்தபோது 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே இந்த அளவுகளை வைத்து எச்சரிக்கை போயிருந்தது. அளவு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அது ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டுமே! இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கருவிக்குச் செலவு செய்கிறோம். கதவைத் தட்டப்போகும் ஆள் யார் என்று பெயர் எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை, அதைச் செய்ய மாட்டேன் என்கிறோம்.

போடி, தேவாரம், கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், தோட்டத்திலேயே தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: வீட்டுக்கு மேல் சரிவில் புதிதாக ஊற்று, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு, ஜன்னல் சட்டத்தில் மாட்டிக்கொள்வது, கம்பமோ மரமோ சாய்வது, தரையில் வெடிப்பு. இதில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரி அங்கே படுக்கக்கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர் எண் 1077, ஆம்புலன்சுக்கு 108.

<b>அதற்குப் பிறகு...</b>

குரங்கணிக்குப் பிறகு அரசு விசாரணை நடந்தது. 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டபோது, மலைவாழ் இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். மலையைத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஜோடி சேர்ப்பது நலிவைக் குறைக்கிற வேலைதான். தீக்காலத்தில் அந்தப் பாதைகளை மூடுகிறார்கள். "லீவு போட்டுட்டேனே சார்" என்று கெஞ்சாதீர்கள்!

பிழைத்து வந்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தீப்புண் ஆறிய பிறகு தோல் சுருங்கி மூட்டுகளை மடக்கிவிடும். மாதக்கணக்கில் உடற்பயிற்சி, இறுக்கமான அழுத்த உடை, சிலருக்கு மறுபடி ஆபரேஷன். அரிப்பு தூங்க விடாது. வெயில் ஆகாது. சமையல் வாசனையில் புகை அடித்தாலே படபடப்பு, கனவில் ஓடுவது, தான் மட்டும் பிழைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி... இதெல்லாம் பைத்தியம் இல்லை, காயத்தின் இன்னொரு பாதி. தூக்கிக்கொண்டு வந்த ஊர்க்காரர்களுக்கும் இது வரும். ஒரு மாசத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதத்தா" என்று சொல்லி வாயை மூட வைக்காமல், அவர்கள் சொல்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கண்ணாடியை வீட்டில் எந்த இடத்தில் மாட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.